பந்தி ஒன்பது

பேர்ண் நகரத்து நீதிமன்றம்
மார்ச் மாதமே அவர்களைப் பிரித்துவிட்டது.
இரண்டு பக்கம், நீல முத்திரை, ஜெர்மன் மொழி.
மட்டக்களப்பில் துஷாந்தினி இன்னும் மனைவிதான்.
பதிவாளர் கந்தோரில் கடதாசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"இது இஞ்ச செல்லாது பிள்ள,
ஒரு லோயரப் புடிங்க" என்றாராம்.

அது பதினேழாம் ஆண்டு, ஐப்பசி.
புளியந்தீவில் என் அறைக்குள் மழை ஒழுகும்.
வழக்கேடுகளுக்குத்தான் முதலில் பொலித்தீன்.

கொழும்பில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்
பக்கத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டு
அந்த நீண்ட ஜெர்மன் சொல்லைத்
'திருமணச் சிதைவு' என்று தந்திருந்தார்.
யார் சிதைத்தது என்று அதில் இல்லை.
அங்கே கேட்பதில்லையாம்.
எங்கள் சட்டம் கேட்கும்.
பிறர்மனை சேர்க்கை,
வன்மத்துடன் கைவிட்டுப் போதல்,
மணநாளிலேயே இருந்த, தீராத ஆண்மையின்மை.
மூன்றே கதவு.
எதற்குள் நுழைவதானாலும்
ஒருவர் குற்றவாளியாக வேண்டும்.

கடவுச்சீட்டுப் பிரதிகளை மேசையில் விரித்து
முத்திரை முத்திரையாகக் கூட்டினேன்.
எட்டு வருடத் திருமணம்.
ஒரே கூரையின் கீழ் இருந்தது எழுபத்தொரு நாள்,
அதில் நான்கு நாள் உதயசீலனுக்கு டெங்கு.
விசா இரண்டு தரம் மறுப்பு.
இரண்டாவது கடிதத்தில்
'உறவின் உண்மைத்தன்மை ஐயத்துக்குரியது' என்று ஒரு வரி.
தூதரகத்தை எதிராளியாக்கச்
சட்டக் கோவையில் இடமில்லை.
தேடிப் பார்த்தேன், பகிடிக்கல்ல.

ஆகவே பந்தி ஒன்பது:
'எதிராளி வழக்காளியை வன்மத்துடன் கைவிட்டுச் சென்றார்.'
கையெழுத்து வைக்க வந்தவள் அந்த வரியில் நின்றாள்.
வெளியே ஒரு பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

"மிஸ், அவர் அப்பிடியான ஆள் இல்ல.
வன்மம் எண்ட சொல்ல வெட்டேலாதா?"

வெட்டலாம்.
வெட்டினால் வழக்கும் விழும்.

"அப்ப வேற சொல்?"
சட்டத்தில் வேறு சொல் இல்லை என்றேன்.
தமிழிலயும் இல்லையா, என்று கேட்டாள்.

அன்றிரவு சுவிஸிலிருந்து ஒரு குரல் பதிவு.
என் இலக்கம் எப்படிக் கிடைத்ததோ.
பின்னால் கோப்பை கழுவும் சத்தம்.
"மிஸ், நான் ஒண்டுக்கும் எதிர்ப்புச் சொல்ல மாட்டன்.
என்னக் கெட்டவனாவே எழுதுங்க.
நாவற்குடா வீட்டுல என்ட பாதியையும்
அவவுக்கே எழுதித் தாறன்.
பின்பக்கக் கூரையில ஓடு ஒண்டு விலகிக் கிடக்கு,
மழை இறுக முதல் பாக்கச் சொல்லுங்க."

இருவரும் ஒத்துப்போய்ப் பிரிந்தால்
அதற்குச் சட்டத்தில் கூட்டுச்சதி என்று பெயர்.
வழக்கைத் தள்ளிவிடுவார்கள்.
ஆகவே அந்தக் குரலை நான் கேட்கவில்லை.
ஓட்டைப் பற்றி மட்டும்
நானே கண்டதுபோலச் சொன்னேன்.
அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை.
துஷாந்தினி என் முகத்தையே பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கையெழுத்து வைத்தாள்.

அழைப்பாணை பேர்ணுக்குப் போய்த் திரும்பி
வழக்கு விளக்கத்துக்கு வரப் பதினான்கு மாதம்.
மார்கழி. எதிராளி தோன்றவில்லை.
"வன்மத்துடன் விட்டுப் போனாரா?"
கேட்டது நான்தான். கேட்க வேண்டிய கேள்வி.
மேலே மின்விசிறிக்கு ஓர் இறக்கை வளைந்திருந்தது;
அது ஆறு தரம் தட்டியதை எண்ணினேன்.
"ஓம்."
சுருக்கெழுத்தாளர் ஓமை மட்டும் எழுதினார்.

இடைக்காலத் தீர்ப்பு.
முடிவாக இன்னும் மூன்று மாதம்.
வாவிக்கரை மதிலோரம் வந்து நின்றோம்.
பேர்ணில் இப்ப எத்தனை மணி என்று கேட்டாள்.
பத்தரையிலிருந்து நாலரையைக் கழித்தேன்.
விடிய ஆறு.
"வேலைக்கு வெளிக்கிட்டிருப்பார்" என்றாள்.

பிறகு பர்ஸைத் திறந்து
என் மிச்சக் கட்டணத்தை எண்ணத் தொடங்கினாள்.
ஐந்நூறு, ஆயிரம், ஒரு கிழிந்த நூறு.
எண்ணி முடிக்கும்வரை
நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.